குமிழைக் கழற்றும் முன்

பெரிய பொருள்கள் பழுதுற்றால் ஊரே அவற்றைப் பற்றிப் பேசுகின்றது. பாலம் இடிந்தால் பத்திரிகைகள் எழுதுகின்றன. குளக்கட்டு உடைத்தால் அதிகாரிகள் ஓடி வருகின்றனர். சிறிய பொருள்களுக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு திருகாணி தளர்ந்தால் அதனை ஏறெடுத்துப் பார்ப்பாரும் இலர். ஆயினும், ஒரு பெரிய காரியம் கெட்டுப் போவதற்கு அந்தத் திருகாணி ஒன்றே போதுமானதாயிருப்பதை வாழ்க்கையில் நாம் பலமுறை காண்கின்றோம்.

இவ்வாரம் அத்தகைய சிறு பொருளொன்றைப் பற்றி எழுத விரும்புகின்றேன். மின் கிற்றார்களிலே, சிறப்பாக பேஸ் கிற்றாரிலே, ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் பொருத்தப்பட்டிருக்கும் குமிழே அப்பொருள். அதனைக் கழற்றுவதும் மீண்டும் பூட்டுவதும் ஒரு கட்டுரைக்கு உரிய விடயமா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். சற்றுப் பொறுமையோடு வாசித்தால் அவ்வியப்பு நீங்கும் என்பது என் நம்பிக்கை.

இன்று பூநகரிப் பகுதியிலும், ஏனைய வன்னிக் கிராமங்களிலும், கோயில் திருவிழா இரவுகளில் நாதஸ்வரமும் தவிலும் ஓய்ந்த பின்னர் இளைஞர்களின் இசைக்குழு மேடையேறுவதைக் காண்கின்றோம். சபையோரின் கண்கள் பாடுபவர்மீது பதிந்திருக்கும். பேஸ் கிற்றார் வாசிப்பவரோ பின்வரிசையில் ஒதுங்கி நிற்பார். ஆனால், அவருடைய கருவியே அந்த இசைக்கு அத்திவாரம். சாதாரணக் கிற்றாரின் மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கின்றது. பேஸ் கிற்றாரின் தடித்த தந்தியோ அதிற் பாதியாகிய 41 முறையே அதிர்கின்றது. அவ்வோசையைச் செவி கேட்பதிலும் பார்க்க நெஞ்சு உணர்வதே அதிகம். இளையராஜாவின் பாடல்களைக் கூர்ந்து கேட்பவர்கள், பாட்டின் அடியிலே வேறொரு பாட்டாக அது ஓடிக்கொண்டிருப்பதை அறிவர். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையை வளர்த்த காலந்தொட்டு, மின் கிற்றாரின் ஓசை நம் மக்களுக்கும் பழக்கமானதாயிற்று.

இத்தகைய கருவி நம் கிராமங்களிலே பெரும்பாலும் தனி ஒருவரின் உடைமையாக இருப்பதில்லை. வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் அனுப்பியதாக இருக்கும்; அல்லது நாலைந்து இளைஞர்கள் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கியதாக இருக்கும். அது ஓர் இரவு ஊமையானால், குழு முழுவதுமே அன்று தலைகுனிய நேரும்.

எனக்குத் தெரிந்த குழுவொன்றுக்கு அவ்வாறுதான் நேர்ந்தது. நிகழ்ச்சிக்கு முதல்நாள் மாலை, ஒத்திகையின்போது, ஓசையைக் கூட்டும் குமிழ் எல்லையின்றிச் சுழலத் தொடங்கிற்று. இடையிடையே ஓசையும் அறுந்து அறுந்து வந்தது. குமிழைக் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும் என்று அவர்கள் எண்ணினர். எண்ணம் சரியானதே. ஆனால் கழற்றிய முறைதான் தவறு. ஒருவன் பெரியதொரு திருப்புளியைக் குமிழுக்கு அடியிலே செருகி நெம்பினான். குமிழ் வந்தது; அதனோடு உள்ளேயிருந்த தண்டும் பிடுங்கப்பட்டு வந்தது. கருவியின் மேற்பரப்பிலே விரல் நீளத்துக்கு ஒரு கீறலும் விழுந்தது. "கொஞ்சம் நெம்பினனாங்கள் சேர், அவ்வளவுதான்" என்று அவன் பின்னர் என்னிடம் சொன்னபோது, அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. புதிய பாகம் கொழும்பிலிருந்து வந்து சேரும் வரை அக்கருவி உறைக்குள்ளேயே கிடந்தது. நிகழ்ச்சி பேஸ் கிற்றார் இல்லாமலே நடந்து முடிந்தது. இத்தனைக்கும், தொடக்கத்தில் இருந்த குறை தளர்ந்த சுரையொன்று மாத்திரமே. இரண்டு நிமிட வேலை.

அச்சுரை எங்கே இருக்கின்றது, அது தளர்ந்தால் ஏன் இவ்வளவு தொல்லை என்பதை விளங்கிக்கொள்ள, இக்கருவி பிறந்த கதையைச் சிறிது அறிதல் நன்று.

முற்காலத்தில் மேனாட்டு இசைக்குழுக்களில் அடிநாதம் தருவதற்கு டபிள் பேஸ் என்னும் ஆளுயரக் கருவியே பயன்பட்டது. அதனைச் சுமந்து ஊரூராகச் செல்வது பெரும்பாடு. 1930களில் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்துப் போல் ருட்மார்க் என்பவர் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து பார்த்தார், அது பரவவில்லை. 1951ஆம் ஆண்டு லியோ ஃபெண்டர் என்பவர் பிரிசிசன் பேஸ் என்ற கருவியை வெளியிட்டார். வீணையிலுள்ள மெட்டுக்களைப் போல அதன் கழுத்திலும் மெட்டுக்கள் இருந்தமையால், சுரம் பிசகாமல் துல்லியமாக வாசிக்க முடிந்தது. துல்லியம் என்பதே அப்பெயரின் பொருளுமாகும்.

இந்த லியோ ஃபெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது ஆச்சரியமான செய்தி. அவர் வானொலிப் பெட்டி திருத்துபவர். 1938இல் கலிபோர்ணியாவிலுள்ள புள்ளர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை நடத்தத் தொடங்கியவர். ஆகவே, தமது கருவியின் ஓசையைக் கட்டுப்படுத்துவதற்கு வானொலிப் பெட்டிகளில் வழங்கிய அதே வகைப் பாகத்தையே அவர் எடுத்துக்கொண்டார். இலங்கை வானொலியைக் கேட்பதற்காக நம் பாட்டனார் திருகிய குமிழும், இன்று மேடையில் இளைஞன் திருகும் குமிழும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

குமிழ் என்பது வெறும் தொப்பி மாத்திரமே. உண்மையான வேலையைச் செய்வது அதன் கீழே மறைந்திருக்கும் மாறுந்தடையி. இசைக்குழுவினர் அதனைச் சுருக்கமாகப் 'பொட்' என்பர். சிறியதொரு வட்டத் தகரப்பெட்டி. அதனுள்ளே குதிரை லாடம் போல வளைந்த காபன் பாதை. அப்பாதைமீது வழுக்கிச் செல்லும் உலோக நாக்கு. நாக்கைச் சுழற்றும் தண்டு. தண்டைத் திருகும்போது நாக்கு பாதையில் இடம் மாறுகின்றது. அதற்கேற்ப ஒலிபெருக்கிக்குச் செல்லும் மின்னழுத்தம் கூடுகின்றது அல்லது குறைகின்றது. மின்கலமில்லாத பேஸ் கிற்றார்கள் பலவற்றில் இத்தடை 250,000 ஓம் அளவினது. 9 வோல்ற்று மின்கலத்தோடு இயங்கும் சில வகைகளில் 25,000 ஓம் அளவினது. தண்டு முழு வட்டம் சுழல்வதில்லை. முக்காற் சுற்றுக்குச் சிறிது மேலே சென்று நின்றுவிடும்.

இத்தகரப்பெட்டி கருவியின் உடம்போடு பிடிக்கப்பட்டிருப்பது ஓர் அறுகோணச் சுரையினால். நட்டு என்று நாம் வழக்கமாகச் சொல்வது அதுதான். அது குமிழுக்கு நேர் கீழே மறைந்திருக்கும். சுரை தளர்ந்தால், குமிழைத் திருகும்போது தண்டு மாத்திரமன்றிப் பெட்டி முழுவதுமே சுழலும். பெட்டியோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்ட மெல்லிய கம்பிகள் முறுகும், ஈற்றில் அறும். கம்பி அறுந்த கணமே கருவி ஊமையாகும். எனவே, குமிழ் தன் எல்லையில் நில்லாமற் சுழல்கின்றது என்றால், அதனை மேலும் மேலும் சுழற்றிப் பார்க்காமல் உடனே கையை எடுத்துவிடுதலே அறிவுடைமை.

ஆனால், எல்லாக் குறைக்கும் குமிழைக் கழற்ற வேண்டியதில்லை. திருகும்போது கரகரவென்ற ஓசை மாத்திரம் வருமானால், காபன் பாதையில் தூசோ ஒட்சியேற்றமோ படிந்திருக்கின்றது என்று கொள்ளலாம். ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை இருபது முறை திருகினாலே பெரும்பாலும் அது நீங்கிவிடும். நீங்காவிடின் மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் திரவத்தைப் பயன்படுத்தலாம். சமையலறைத் தேங்காயெண்ணெயை அங்கே விடுதல் ஆகாது. அது தூசை மேலும் சேர்க்கும்.

இனி, கழற்றும் முறைக்கு வருவோம். முதலில் ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைத்து, அதனை அணைத்து, கிற்றாரிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். கருவியை மேசைமீது மெத்தென்ற துணி விரித்துக் கிடத்த வேண்டும். துணி வெள்ளையாயிருத்தல் நன்று. சிறு திருகாணி விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். பூநகரி மணலில் விழுந்த திருகாணியைத் தேடியெடுப்பது எளிதான காரியமன்று.

அடுத்ததாக, அக்குமிழ் எவ்வாறு பூட்டப்பட்டிருக்கின்றது என்பதைப் பார்க்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை. குமிழ்கள் இருவகைப்படும். ஒருவகையில் குமிழின் பக்கவாட்டிலே சிறிய துளையொன்றும், அதனுள்ளே தண்டை இறுக்கிப் பிடிக்கும் திருகாணியொன்றும் இருக்கும். உலோகக் குமிழ்கள் பெரும்பாலும் இவ்வகையின. மற்றைய வகையில் துளையோ திருகாணியோ இல்லை. தண்டின் நுனி நெடுக்காகப் பிளக்கப்பட்டு, அதன் புறத்தில் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். குமிழ் அதன்மேல் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். பிளாஸ்ரிக் குமிழ்களிற் பல இவ்வகையின. திருகாணி உள்ளதைப் பிடித்து இழுத்தாலும் கேடு; திருகாணி இல்லாததில் திருகாணியைத் தேடிக் குத்தினாலும் கேடு. குமிழைச் சுற்றிலும் விளக்கு வெளிச்சத்திற் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைச் செலவிட மனமில்லாமற்றான் அவ்விளைஞர்கள் திருப்புளியை எடுத்தனர்.

திருகாணி உள்ள வகையாயின், அதற்குரிய சாவியைத் தேர்தல் வேண்டும். சிலவற்றிற்கு மிகச் சிறிய தட்டைத் திருப்புளி. பலவற்றிற்கு எலன் சாவி எனப்படும் வளைந்த அறுகோணக் கம்பி. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆசியத் தயாரிப்புகளில் மில்லிமீற்றர் அளவும், அமெரிக்கத் தயாரிப்புகளில் அங்குல அளவும் பெரும்பாலும் வழங்குகின்றன. ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு ஏறத்தாழ 1.59 மில்லிமீற்றர். அத்துளையில் 1.5 மில்லிமீற்றர்ச் சாவியும் நுழையும், ஆனால் பிடிக்காது. பலவந்தமாகத் திருகினால் துளையின் மூலைகள் தேய்ந்து வட்டமாகிவிடும். பின்னர் எந்தச் சாவியும் பயன்படாது. சாவி தளர்வின்றிப் பொருந்துகின்றதா என்று பார்த்த பின்னரே திருக வேண்டும். ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தினாற் போதும். திருகாணியை முழுதும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. குமிழ் தானாகவே மேலே வந்துவிடும்.

நம் பகுதிக்கே உரிய தொல்லையொன்றை இங்கே சொல்லுதல் வேண்டும். வடக்கே கடல்நீரேரி, மேற்கே கடல். சோளகம் வீசும் மாதங்களில் உப்புக் காற்று வீட்டின் உள்ளறைவரை வருகின்றது. கதவுப் பிணைச்சல், சைக்கிள் சங்கிலி, தையல் இயந்திரம் ஆகிய எதனையும் அது விட்டுவைப்பதில்லை. குமிழிலுள்ள எள்ளளவு திருகாணியும் கறள் பிடித்து இறுகிவிடும். அப்போது பலத்தைக் கூட்டுதல் கூடாது. ஊசி முனையில் ஒரு சொட்டு மெல்லிய இயந்திர எண்ணெயை எடுத்து அத்துளையில் வைத்து, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். பலம் செய்யாததைப் பல வேளைகளில் அந்த ஓர் இரவு செய்துவிடும். எண்ணெய் மிகுதியானால் தண்டு வழியாக உள்ளே இறங்கிக் காபன் பாதையைக் கெடுக்கும். ஆகையால் ஒரு சொட்டே அளவு.

செருகப்பட்ட வகையாயின், சப்பாத்து நாடாவொன்றோ மெல்லிய துணிக்கீலமோ போதும். அதனைக் குமிழுக்கு அடியிலே சுற்றிச் செருகி, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, நேர் மேலாக மெதுவாக இழுக்க வேண்டும். சரித்து இழுத்தலாகாது, தண்டு வளையும். நாடா நுழைய இடமில்லையெனில், இருபுறமும் தடித்த அட்டையை வைத்து, அதன்மேல் இரண்டு தேக்கரண்டிகளின் முனையை எதிரெதிராக ஊன்றி, ஒரே நேரத்தில் ஒரே அளவாக உயர்த்தலாம். ஒரு பக்கத்தில் மாத்திரம் நெம்புவதே தண்டைப் பிடுங்குகின்றது. இரு பக்கமும் சமமாக உயர்த்தினால் அந்த அபாயம் குறையும். 1960இல் வெளிவந்த ஜாஸ் பேஸின் முதற் கருவிகளிற் போல ஒன்றன்மேல் ஒன்றாக இரு குமிழ்கள் இருக்குமாயின், மேலுள்ளதை முதலிற் கழற்றிய பின்னரே கீழுள்ளதைத் தொட வேண்டும்.

குமிழ் வந்ததும் சுரை கண்ணுக்குத் தெரியும். அதனை இறுக்கும்போது தண்டை மறுகையாற் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பெட்டியும் சேர்ந்து சுழன்று, நாம் காக்க நினைத்த கம்பியை நாமே அறுத்துவிடுவோம். சுரை பிடித்த பின்னர் இன்னும் அரைக்காற் சுற்று; அதற்கு மேல் வேண்டாம்.

மீண்டும் பூட்டும்போது அவசரப்படுவோர் பலர். கழற்றுவதில் உள்ள கவனம் பூட்டுவதில் இருப்பதில்லை. முதலில் தண்டை இடப்பக்கமாக, அது தானே நிற்கும் எல்லைவரை திருப்ப வேண்டும். அதுவே ஓசையற்ற நிலை. குமிழிலே கோடோ எண்ணோ இருந்தால், அது சூனியத்தைக் காட்டுமாறு வைத்துப் பூட்ட வேண்டும். இவ்வாறு செய்யாவிடின் குமிழ் பொய் சொல்லத் தொடங்கும். சூனியத்தில் இருக்கின்றது என்று நம்பி வாசிப்பவன் தந்தியைத் தொட, ஒலிபெருக்கி இடிபோல் முழங்கும். முன்வரிசையிற் குழந்தைகள் அமர்ந்திருக்கும் திருவிழாவில் இது சிறிய விடயமன்று.

குமிழின் அடிப்பக்கம் கருவியின் மேற்பரப்பைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் இடையே அஞ்சலட்டை இரண்டின் கனத்துக்கு இடைவெளி விட வேண்டும். இல்லையேல் திருகுந்தோறும் உராய்ந்து மெருகைத் தின்றுவிடும். தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருந்தால், திருகாணி அத்தட்டையான பக்கத்தையே அழுத்த வேண்டும். எலன் சாவியை இரு விரல்களாற் பிடித்து இறுக்கினாற் போதும். உள்ளங்கைப் பலம் அங்கே வேண்டியதில்லை.

செருகும் வகையில், பற்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று முதலிற் பார்த்துக்கொள்ள வேண்டும். சில தண்டுகளில் 18 பற்களும், சிலவற்றில் 24 பற்களும் உண்டு. தண்டின் பருமனிலும் 6 மில்லிமீற்றர், கால் அங்குலம் (அதாவது 6.35 மில்லிமீற்றர்) என வேறுபாடு உண்டு. புதுக் குமிழ் வாங்குவோர் பழைய குமிழையும் தண்டின் அளவையும் கையோடு கொண்டு செல்வது நல்லது. நுழையாத குமிழைச் சுத்தியலால் தட்டுவது, பொருந்தாத இருவரை வற்புறுத்தி மணமுடித்து வைப்பது போலாகும்; உடைவது நிச்சயம். குமிழ் தளர்வாக இருந்தால், தண்டின் பிளவிலே சிறு திருப்புளியின் அலகை வைத்து மயிரிழை அளவு விரித்தால் இறுக்கமாகும். பிளந்த தண்டிலே திருகாணிக் குமிழைப் பூட்டினால் பிளவு நெருங்கித் தண்டு முறியக்கூடும். அதற்கென விற்கப்படும் சிறு பித்தளைக் குழாயைத் தண்டின்மேல் மாட்டிய பின்னரே அதனைப் பூட்ட வேண்டும்.

இவையெல்லாம் பெரிய வித்தைகள் அல்ல. பத்து வயதுச் சிறுவனும் கற்றுக்கொள்ளலாம். அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் ஏன் திருப்புளியாலே நெம்புகின்றனர்? அவர்களுக்கு அறிவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பொருள் எப்படிப் பூட்டப்பட்டிருக்கின்றது என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே குறைந்து வருகின்றது, அதுவே காரணம்.

1990களில் வன்னியிலே மின்சாரம் இல்லை. வானொலிக்கு வேண்டிய மின்கலங்களும் தடை செய்யப்பட்ட பொருள்களாக இருந்தன. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் எந்தப் பெட்டியையும் நெம்பித் திறக்கவில்லை. உடைந்தால் வேறொன்று கிடையாது என்பதை அறிந்திருந்தமையால், ஒவ்வொரு திருகாணியையும் கண்ணால் அளந்து, கழற்றிய ஒழுங்கிலே சிரட்டையில் இட்டு வைத்தனர். அந்தப் பொறுமையை வறுமை கற்பித்தது. இன்று, 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், யாழ்ப்பாணம் நமக்கு அருகில் வந்துவிட்டது. வேண்டிய பாகத்தைத் தொலைபேசி மூலம் வரவழைக்கவும் முடிகின்றது. வசதி வந்தது நன்றே. ஆனால் வசதியோடு சேர்ந்து அந்தப் பொறுமை போய்விடுமாயின், நாம் பெற்றதிலும் இழந்தது அதிகம். மேலும், திருவிழா இரவிலே குமிழ் கழன்றால் யாழ்ப்பாணத்துக் கடை திறந்திருக்கப் போவதில்லை. அவ்வேளையில் கையிலுள்ள அறிவே துணை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இசைக்கருவி இல்லாதவர்களும் இதனைப் பழகலாம். வீட்டிலுள்ள எரிவாயு அடுப்பின் குமிழைத் தாயார் துப்புரவு செய்யும்போது, வாயுவை அடைத்துவிட்டு, அதனைக் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் தண்டின் ஒரு பக்கம் தட்டையாயிருக்கும். குமிழின் உட்புறமும் அதற்கேற்ப அமைந்திருக்கும். பழைய வானொலிப் பெட்டி மூலையிற் கிடந்தால் அதிலும் தேடுங்கள். மின்விசிறியின் குமிழை மாத்திரம் தொடாதீர்கள். அதன் பின்னாலே வீட்டு மின்சாரம் ஓடுகின்றது.

இசைக்குழு வைத்திருக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்லுவேன். கிற்றார் உறைக்குள்ளே தந்தியோடு சேர்த்து ஓர் எலன் சாவிக் கட்டு, ஒரு சிறு திருப்புளி, சுரைக்குப் பொருந்தும் ஸ்பானர், ஒரு சப்பாத்து நாடா, ஒரு வெள்ளைத் துணி ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றின் விலை சொற்பம். உப்புக் காற்று வீசும் மாதங்களில், வாசித்து முடிந்ததும் குமிழ்களை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு பொருளைக் கழற்ற முற்படுபவன், அதனைப் பூட்டியவன் என்ன நினைத்துப் பூட்டினான் என்பதை முதலிற் சிந்திக்க வேண்டும். பூட்டியவனும் நம்மைப் போன்ற மனிதனே. ஒரு நாள் எவனோ இதனைக் கழற்ற நேரும் என்று எண்ணி, அதற்கொரு வழியையும் வைத்தே பூட்டியிருப்பான். அவ்வழியைத் தேடிக் காண்பவனுக்குப் பலம் தேவைப்படாது.